மலையில் ஊராட்சித் தேர்தலில் நிற்க ஆசை, ஓட்டு இன்னும் அம்மா ஊரில் இருக்கிறது

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரில் இருந்து எழுதுகிறேன். வயது 29, மலையாளி சமூகம் (கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலையில் வாழும் பழங்குடியினர்), பத்தாவது வரை படித்திருக்கிறேன். பிறந்தது கருமந்துறைப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. மகளிர் குழுவில் கணக்கு எழுதுவது நான்தான். அடுத்த ஊராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் வார்டு உறுப்பினருக்காவது நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன். தலைவர் பதவி பெண்களுக்கு வந்தால் அதற்கே நின்றுவிடு என்று குழுவில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

காரணம் தண்ணீர்தான். போன கோடையில் மேல்தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கருகிப்போய் 41 நாள் கிடந்தது. காலண்டரில் ஒவ்வொரு நாளும் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன், அதனால்தான் கணக்கு சரியாகத் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஊற்றுக்குப் போய்க் குடத்தை வரிசையில் வைத்து, இரண்டு நடை எடுத்து வந்து ஊற்றிவிட்டு, அப்புறம் காபித் தோட்டத்து வேலைக்கு ஓட வேண்டும். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து ஊரில் யாரைப் பிடித்துக் கேட்பது என்றே தெரியவில்லை. கேட்கப் போன இடத்தில் அடுத்த வாரம் வா என்றார்கள், அடுத்த வாரம் போனால் வேறு ஒருவரைக் கை காட்டினார்கள்.

ஊரில் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். என் ஓட்டு இன்னும் அம்மா ஊரில்தான் இருக்கிறது, அதை வைத்து இங்கே நிற்க முடியுமா? சாதிச் சான்றிதழ் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது, அப்பா பெயர் போட்டிருக்கிறது, கணவர் பெயர் போட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா? வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, அதற்கு வீட்டு வரி பாக்கி உண்டு. நான் 100 நாள் வேலைக்கும் போகிறேன், அது அரசாங்க வேலை ஆகாதா என்று ஒருவர் கேட்கிறார். பத்தாவது போதாது என்கிறார் இன்னொருவர். மூன்று பிள்ளை இருந்தால் நிற்க முடியாது என்றும் ஒரு பேச்சு, எனக்கு இரண்டுதான், ஆனாலும் குழுவில் இன்னொரு அக்காவுக்காகக் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடிவாரத்துக்காரன்:

தங்கச்சி, நல்ல முடிவு. நான் 2011-இல் மலை அடிவாரத்தில் ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டு. இப்போது இருக்கிற நிலையில் உன்னால் நிற்க முடியாது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும், இந்த இரண்டும்தான் அடிப்படைத் தகுதி. ஒதுக்கப்பட்ட இடம் என்றால் அந்த ஒதுக்கீட்டுக்குள் வர வேண்டும், அது மூன்றாவது. சட்டமன்றத்துக்கு 25 வயது, அதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. படிப்புத் தகுதி என்று தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை. அரியானாவில் படிப்பு கேட்கிறார்கள், சில மாநிலங்களில் இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் நிற்க முடியாது என்று சட்டம் இருக்கிறது, அந்தச் செய்தியை எல்லாம் டிவியில் பார்த்துவிட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் குழு அக்கா தாராளமாக நிற்கலாம்.

ஊராட்சி வாக்காளர் பட்டியலைத் தனியாக வீடு வீடாகப் போய் எடுப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை எடுத்து அதை வார்டு வாரியாகப் பிரித்துத்தான் போடுகிறார்கள். அதனால் முதலில் சட்டமன்றப் பட்டியலில் உன் பெயர் இந்த ஊருக்கு வந்தாக வேண்டும். அதற்குப் படிவம் 8. இதைக் கவனமாகக் கேள், புதிதாகச் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்துவிடாதே, அது முதல்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு. அம்மா ஊரிலும் பெயர் இருந்து இங்கேயும் ஏறிவிட்டால் இரட்டைப் பதிவு, சட்டப்படி கூடாது, நாளைக்கு எதிராளி அதையே பிடித்துக்கொள்வான். படிவம் 8-இல் இடம் மாறியது என்பதைக் குறித்து, இப்போதைய முகவரிக்கு ஆதாரம் வைத்து, உங்கள் பகுதி பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொடு, செல்போனிலும் போடலாம். ஆதாரில் முகவரி இன்னும் கருமந்துறை என்றால் முதலில் அதை மாற்று.

அடையாள அட்டை கைக்கு வந்ததோடு நிம்மதியாகிவிடாதே. பட்டியலை வாங்கி உன் பெயர் எந்த வார்டில், எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் குறித்து வை. மனுவில் அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். அட்டை கையில் இருந்து பட்டியலில் பெயர் இல்லாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓடைக்கரை:

அக்கா, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடக்கக் கூடாது.

2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு மனு போட்டேன். ஓட்டு, வயது, சான்றிதழ் எல்லாம் சரி, பணமும் கட்டிவிட்டேன். முன்மொழிபவர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு என் நாத்தனாரைப் போடச் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு, நடுவில் ஒற்றையடிப் பாதை, அவ்வளவுதான். பரிசீலனை அன்று எதிர்த்து நின்றவர் எழுந்து, முன்மொழிந்தவர் இந்த வார்டு வாக்காளர் இல்லை என்றார். பட்டியலைப் புரட்டினார்கள். பாதைக்கு இந்தப் பக்கம் 3-ஆவது வார்டு, அந்தப் பக்கம் 4-ஆவது வார்டு. மனு தள்ளுபடி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து காபிக் களத்துத் திட்டில் உட்கார்ந்து அழுதேன், நாத்தனார் என்னைவிட அதிகமாக அழுதாள்.

நிற்பவர் அந்த ஊராட்சியில் எந்த வார்டில் ஓட்டு வைத்திருந்தாலும் வேறு வார்டில் நிற்கலாம். ஆனால் முன்மொழிபவர் நீங்கள் நிற்கிற வார்டிலேயே வாக்காளராக இருக்க வேண்டும். தலைவருக்கு என்றால் அந்த ஊராட்சியில் எந்த வார்டு வாக்காளரும் முன்மொழியலாம். இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர் வீடுதானே என்று நினைக்காதீர்கள், பட்டியலில் பார்த்து ஆளைப் பிடியுங்கள்.

கந்தாஸ்ரமம் வாசி:

சேலம் மாவட்டத்தில் மூன்று உள்ளாட்சித் தேர்தல்களில் மனு வாங்கும் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேலே சொன்ன இருவரும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், மீதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, சாதிச் சான்றிதழ் விஷயத்தில் உங்களுக்குக் கவலை வேண்டாம். சாதி பிறப்பால் வருவது, கல்யாணத்தால் மாறுவதில்லை. அப்பா பெயர் போட்ட சான்றுதான் சரியான சான்று, கணவர் பெயர் போட்டு வாங்க வேண்டியதே இல்லை. இதே காரணத்தால், வேறு சமூகத்தில் பிறந்து மலையாளி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் பழங்குடியினர் இடத்தில் நிற்க முடியாது, அப்படி வந்த மனுக்கள் தள்ளுபடியானதை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டியது கையெழுத்து யாருடையது என்பதை. பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியரோ சப் கலெக்டரோ கொடுத்ததாக இருக்க வேண்டும். 1989 நவம்பர் 11-க்கு முன்னால் வட்டாட்சியர் கொடுத்ததும் செல்லும், அதற்குப் பிறகு வட்டாட்சியர் கொடுத்திருந்தால் செல்லாது. கருமந்துறை என்றால் ஆத்தூர் கோட்டம், அங்கே வாங்கியதாக இருக்கும். அதை எடுத்து இன்றைக்கே பாருங்கள். இல்லை என்றாலோ கிழிந்து படிக்க முடியாமல் இருந்தாலோ இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், பழங்குடிச் சான்றுக்கு விசாரணை உண்டு, நாள் பிடிக்கும்.

ஏன் இப்போதே என்கிறேன் என்றால், தேர்தல் அறிவித்த பிறகு நேரமே இருக்காது. 2019-இல் டிசம்பர் 7 அறிவிப்பு, 9 முதல் 16 வரை மனு, 17 பரிசீலனை, 19 வாபஸ், 27-உம் 30-உம் வாக்குப்பதிவு. அந்த எட்டு நாளில் மலையில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஒவ்வொரு அலுவலகமாகச் சான்றுக்கு அலைந்தவர்கள் பாதிப் பேர் கடைசி நாள் மாலையில் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். அந்த அவசரத்தில்தான் கையெழுத்து விட்டுப்போகும், தவறான வார்டு எண் எழுதுவார்கள். சின்ன எழுத்துப் பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாது, ஆனால் கையெழுத்து இல்லாத மனுவை யாரும் காப்பாற்ற முடியாது.

வீட்டு வரி. ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய பாக்கியை, கட்டச் சொல்லிக் கேட்பு அறிவிப்பு வந்த பிறகும் கட்டாமல் வைத்திருந்தால் அது தகுதியிழப்பு. மாமனார் பெயரில் உள்ள வரி மாமனாருடைய பாக்கிதான், உங்களுடையது ஆகாது. ஆனாலும் கட்டிவிடுங்கள். பரிசீலனை மேசையில் நின்று சட்டம் பேசுவதைவிட ரசீதைக் காட்டுவது எளிது. மலைக்கிராமங்களில் அது பெரிய தொகையும் இல்லை. குடிநீர்க் கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துக் கட்டி, ரசீதைச் சான்றிதழோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

100 நாள் வேலை அரசுப் பணி இல்லை, அது கூலி வேலை, பயப்படாதீர்கள். மகளிர் குழுப் பொறுப்பும் தடை இல்லை. ஊராட்சிச் செயலர், தண்ணீர்த் தொட்டி இயக்குபவர் மாதிரி ஊராட்சியிடம் சம்பளம் வாங்குபவர்கள் அந்த வேலையில் இருந்துகொண்டு நிற்க முடியாது. ஊராட்சியோடு நடப்பில் ஒப்பந்த வேலை வைத்திருப்பவரும் அப்படித்தான். குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருந்தால் சிக்கல், வழக்கு நடந்துகொண்டு மட்டும் இருந்தால் நிற்கலாம், அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

டெபாசிட், கடந்த 2019, 2021 தேர்தல்களில் இருந்த கணக்கு இது: வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றிய வார்டுக்கும் 600, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1000. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இதில் பாதி. அதாவது நீங்கள் 100 ரூபாய் கட்டி வார்டுக்கும் 300 ரூபாய் கட்டித் தலைவருக்கும் நின்றிருக்க முடியும். பொது இடத்தில் நின்றாலும் உங்களுக்குப் பாதிதான்.

இன்னொன்று, ஒதுக்கீடு வந்தால்தான் நிற்க முடியும் என்று நினைக்காதீர்கள். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறது, மீதிப் பாதியிலும் பெண்கள் நிற்கலாம். பொது இடத்தில் பழங்குடியினரும் நிற்கலாம். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி இல்லாத தேர்தல், எந்தக் கட்சியும் சீட்டு கொடுக்க வேண்டியதில்லை, பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி சுயேச்சைச் சின்னம்தான் எல்லோருக்கும். அதனால் யாராவது வந்து எங்களிடம் பணம் கட்டினால்தான் மனு போட முடியும் என்றாலோ, ஊர்கூடிப் பதவியை ஏலம் விடுகிறோம் என்றாலோ அது குற்றம், தயங்காமல் புகார் கொடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது தேர்தல் முடிந்த பிறகு. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களை மூன்று வருடத்துக்கு நிற்க முடியாமல் தகுதி நீக்கம் செய்வார்கள். தோற்றுப்போய் மனம் விட்டு அந்தத் தாளைத் தொடாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். 2019-இல் செலவு உச்சவரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000, தலைவருக்கு 34,000. டீ வாங்கிக் கொடுத்த பில் முதல் எழுதி வையுங்கள். குழுக் கணக்கு எழுதுகிற கைக்கு இது கஷ்டமே இல்லை.

தறிச்சத்தம்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் சேலம் டவுன், அம்மாபேட்டை, வயது 22, வெள்ளிப் பட்டறையில் வேலை. மாநகராட்சிக் கவுன்சிலருக்கும் இதே விதிதானா? வாடகை வீடுதான் எங்களுக்கு.

கந்தாஸ்ரமம் வாசி:

தம்பி, வயது அதே 21, வாடகை வீடு தடையே இல்லை, மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 60 வார்டில் எதில் வேண்டுமானாலும் நிற்கலாம், முன்மொழிபவர் மட்டும் அந்த வார்டுக்காரர். 2022 பிப்ரவரி தேர்தலில் டெபாசிட் 4,000, ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 2,000. அங்கே கட்சிச் சின்னம் உண்டு, சுயேச்சையாகவும் நிற்கலாம். மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அடிவாரத்துக்காரன்:

ஐயா சொன்ன செலவுக் கணக்கு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை.

தங்கச்சி, எனக்கு இன்னொரு அனுபவம் இருக்கிறது. 2016-இலும் மனு போட்டேன், சுவரில் பெயர்கூட எழுதிவிட்டோம், அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்துவிட்டது. பிறகு மூன்று வருடத்துக்கு மேல் தலைவர், உறுப்பினர்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர்தான். தள்ளிப்போகிறது என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். நான் விடாமல் கிராம சபைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது வருடத்துக்கு ஆறு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை நடக்கும். நீ அந்த 41 நாள் காலண்டரை எடுத்துக்கொண்டு போ. வரவு செலவு வாசிப்பார்கள், மோட்டார் பழுது என்று எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று கேள், தீர்மானமாக எழுதச் சொல். எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு, வருகைப் பதிவேடு என்று வெள்ளைத் தாளை நீட்டினால் போடாதே. ஊர் உன்னைப் பார்ப்பது அங்கேதான்.

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் கோடி நன்றி. நேற்று ராத்திரியே டிரங்குப் பெட்டியைத் திறந்து சான்றிதழைப் பார்த்தேன். ஆத்தூர் கோட்டாட்சியர் கையெழுத்துதான், 2009-ஆம் வருடம், மடித்த இடத்தில் கொஞ்சம் நைந்திருக்கிறது, எழுத்தெல்லாம் தெரிகிறது. மாமனாரிடம் வரி விஷயத்தைச் சொன்னேன், நீ நிற்பதாக இருந்தால் மிளகு விற்றதும் முதல் வேலையாகக் கட்டிவிடுகிறேன் என்றார், அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆதார் முகவரி இன்னும் பழையதுதான், திங்கட்கிழமை ஏற்காடு போய் மாற்றிவிட்டு அப்புறம் படிவம் 8.

ஓடைக்கரை அக்கா, உங்கள் கதையைப் படித்த பிறகு எங்கள் தெருவில் யார் எந்த வார்டு என்று விசாரித்தேன். எங்கள் தெருவும் இரண்டு வார்டாகத்தான் பிரிந்திருக்கிறதாம், கோயில் வரை ஒன்று, கோயிலுக்கு மேலே இன்னொன்று. யாருக்குமே சரியாகத் தெரியவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எனக்கு முன்மொழிய என் கணவரே கையெழுத்துப் போடலாமா, உறவுக்காரர் போடக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா?

கந்தாஸ்ரமம் வாசி:

போடலாம் அம்மா. உறவு தடை இல்லை, அவர் பெயர் அந்த வார்டுப் பட்டியலில் இருந்தால் போதும். கோயிலுக்குக் கீழேயா மேலேயா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடைக்கரை:

அடுத்த தடவை நானும் நிற்கிறேன். நாத்தனாரை முன்மொழியச் சொல்லப் போவதில்லை, அவளை 4-ஆவது வார்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.